ஏழெட்டு பாக்ஸ்

எங்கள் வீட்டுக்கும் டைல்ஸ்காரர் வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு சுவர், அதுவும் ஒற்றைச் செங்கல் சுவர். அங்கே யாராவது தும்மினால் இங்கே நான் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆகவே அந்த வீட்டுச் சங்கதிகளை நான் ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது. அவையாகவே வந்து காதில் விழுந்தன. விழாத மிச்சத்தை அவரே வந்து சொல்லிவிடுவார், ஏனென்றால் நான் ஓட்டுவது டைல்ஸ் கடையின் லோடு வண்டி. அவர் ஒட்டுகிற டைல் எல்லாம் என் வண்டியில் ஏறி இறங்கியதுதான்.

அவருடைய மனைவி திரைச்சீலை தைக்கிற கடையில் மிஷினில் உட்காருகிறார். ஒரே மகள், ஒன்பது வயது, நாலாங்கிளாஸ். அவளுக்குத் தெருவில் நாங்கள் வைத்த பேர் நிதானம். அவள் ஷூ லேஸ் கட்ட உட்கார்ந்தால் ஸ்கூல் வேன்காரர் மூன்று தடவை ஹாரன் அடிப்பார். அவித்த முட்டையை உரித்தால் ஓடுகளைத் தட்டின் ஓரத்தில் பெரியது சிறியது பார்த்து அடுக்கி வைத்துவிட்டுத்தான் முட்டையைத் தொடுவாள். செய்கிற எதிலும் குற்றம் சொல்ல முடியாது. செய்து முடிப்பதற்குள் பார்க்கிற நமக்கு நரைத்துவிடும், அவ்வளவுதான்.

அந்த நிதானம் கணக்கில் வந்து மாட்டிக்கொண்டது. மழைக்காலம் தொடங்கிய வாரம் ஸ்கூலில் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். மழை கொட்டியதால் நான்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். வெளியே நின்று நனைவானேன் என்று உள்ளேயும் போய் உட்கார்ந்துவிட்டேன். என்னை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"உங்க பொண்ணுக்குக் கணக்கு வராதுன்னு நான் சொல்லவே மாட்டேம்மா," என்றார் கணக்கு மிஸ். "ஏழு தடவை எட்டு எவ்ளோன்னு கேட்டா, மேசைக்கு அடியில விரலை மடக்கி, எட்டு எட்டா ஏத்திக்கிட்டே போய், கடைசியில சரியாத்தான் சொல்றா. ஆனா அதுக்குள்ள எதுக்காக அதைக் கேட்டேங்கறது அவளுக்கும் மறந்துடுது, எனக்கும் மறந்துடுது."

"தினமும் வாய்ப்பாடு சொல்ல வெக்கிறேன் மிஸ். மடமடன்னு சொல்றாளே."

"பாட்டு மாதிரி வரிசையா சொல்றா. நடுவுல ஒண்ணைக் கேட்டா மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கிறா. உங்க பேரைக் கேட்டா நீங்க யோசிச்சா சொல்றீங்க? அது மாதிரி வரணும்மா. அது தானா வந்துட்டா, மிச்சக் கணக்கை யோசிக்க மண்டையில இடம் இருக்கும்."

அம்மா தலையாட்டினார். மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மிஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ரெண்டு டேர்ம் கணக்குல ஃபெயில். இந்த டேர்ம் கடைசியில வேகக் கணக்கு டெஸ்ட் வெப்பாங்க. மூணு நிமிஷம், அறுபது கணக்கு. அம்பது சரியா இருந்தா அஞ்சாங்கிளாஸ். இல்லைன்னா இதே கிளாஸ்ல இன்னொரு வருஷம். இந்த ரூல் நான் போட்டதில்லம்மா. எனக்குப் பிடிக்கவும் இல்ல."

திரும்பி வரும்போது அம்மா வண்டிக் கண்ணாடியை உள்பக்கமிருந்து துடைத்துக்கொண்டே வந்தார். கண்ணாடியில் ஒன்றும் இல்லை. "அஞ்சாங்கிளாஸ் மாடியில இருக்குண்ணே," என்றார் என்னிடம். "இவளோட பிள்ளைங்க எல்லாம் மாடிக்குப் போயிடும். இவ மட்டும் கீழயே உக்காந்திருப்பா. அவ தாங்க மாட்டா." அவள் தாங்குவாளோ மாட்டாளோ, இவர் தாங்க மாட்டார் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

மிஸ் ஒரு தாளில் ஏதோ விளையாட்டின் பேரை எழுதிக் கொடுத்திருந்தார். போனில் இறக்கிக்கொள்ள வேண்டும். தினம் பத்து நிமிஷம், அதற்கு மேல் அவளே கெஞ்சினாலும் கொடுக்கக் கூடாது. அம்மாவுடையது பட்டன் போன். அந்த வீட்டில் இந்த மாதிரி விஷயங்கள் ஏறுகிற போன் அப்பாவுடையது மட்டுந்தான், அதன் கண்ணாடியிலும் சிமென்ட் காய்ந்திருக்கும்.

அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் பஞ்சாயத்து நடந்தது.

"விளையாடி யாராவது கணக்கு கத்துப்பாங்களா?" என்றார் டைல்ஸ்காரர். "நாங்கல்லாம் அடி வாங்கித்தான் கத்துக்கிட்டோம்."

"என்ன கத்துக்கிட்டீங்க? எட்டாறு எவ்ளோ, சொல்லுங்க பாப்போம்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இந்தப் பக்கம் நானும் சாப்பிட்ட கையோடு எட்டாறைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

"நான் ஏன் சொல்லணும்?" என்றார் கடைசியில். "நானா நாலாங்கிளாஸ் படிக்கிறேன்?"

"அதான் கேக்கறேன். அடி வாங்கினது மட்டுந்தான் ஞாபகம் இருக்கு. போனைக் குடுங்க."

விளையாட்டு இதுதான். ஒரு ரயில் போகும். குறுக்கே ஒரு கேட் வரும். கேட்டில் ஒரு கணக்கு தொங்கும். எண்களைத் தட்டிச் சரியான விடையைப் போட்டால் கேட் திறக்கும், ரயிலில் ஒரு பெட்டி கூடும். தப்பாகப் போட்டால் ரயில் நிற்கும், சரியான விடை தெரியும், இன்னும் நாலு கேட் தாண்டியதும் அதே கணக்கு மறுபடி வந்து நிற்கும். திட்டு கிடையாது, சிவப்புப் பேனா கிடையாது. ஒரு பெண் குரல் ஒவ்வொரு கணக்கையும் வாயாலும் கேட்கும். "மூவாறு?" என்று ஏதோ விருந்துக்கு அழைப்பதுபோல் கேட்பாள். அவளுக்கு அந்த வீட்டில் ரயில்காரி என்று பேராகிவிட்டது.

முதல் வாரம் அழுகையில் போனது. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மெழுகுவத்தி எரியும், மூன்று விநாடியில் அது அணைந்துவிடும். நம்மவளுக்கு மூன்று விநாடியில் விரலையே நீட்ட முடியாது. மெழுகுவத்தி அணைகிற சத்தம் கேட்டாலே உதட்டைப் பிதுக்கிவிடுவாள். நாலாம் நாள் "எனக்கு ரயிலே வேணாம்" என்று போனைக் கட்டிலில் கவிழ்த்துப் போட்டாள்.

"பாத்தியா," என்றார் அப்பா. அந்த ஒரு சொல்லுக்கு அம்மா மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

பேசாமல் இருந்ததோடு நிற்கவில்லை. மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மழையில் நனைந்துகொண்டு ஸ்கூலுக்கு ஓடி மிஸ்ஸிடம் கேட்டுக்கொண்டு வந்துவிட்டார். விளையாட்டில் மெழுகுவத்தியே வராமல் செய்ய ஒரு இடம் இருக்கிறதாம். இப்போதைக்கு அதை எடுத்துவிட்டு, கணக்கு நன்றாகப் பழகிய பிறகு திரும்பப் போடலாமாம். ஒரே சமயத்தில் புதுக் கணக்கு நாலுக்கு மேல் வேண்டாம், தெரிந்த கணக்குகளோடு கலந்து வந்தால் போதுமாம். இதை எல்லாம் அவர் மகளிடம் சொல்கிற மாதிரி கணவர் காதுக்குச் சொன்னார்.

மெழுகுவத்தி போனதும் ரயில் கிளம்பியது. அப்பா ஏழு மணிக்கு வருவார், கை கால் கழுவுவார், ரொட்டியும் அவித்த பயறும் தட்டில் விழும், அவர் வாய்க்குப் போகும் முன்பே போன் மகள் கைக்குப் போய்விடும். டிங், டிங் என்று கேட் திறக்கிற சத்தம். அம்மா அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டே சத்தத்தை எண்ணுவார். இந்தப் பக்கம் நானும் எண்ணுவேன். மூன்றாம் வாரத்தில் நீல நிற ரயிலுக்குப் பத்தொன்பது பெட்டி சேர்ந்திருந்தது. ஈரெட்டு, ஐயாறு, நாலொம்போது எல்லாம் தட்டுத் தடுமாறாமல் வந்தன. நடுவில் ஒரு நாள் மேஸ்திரியிடமிருந்து போன் வந்து ரயில் நின்றுபோக, மகள் அப்பாவை முறைத்த முறைப்பில் அவர் மேஸ்திரியிடம், "பத்து நிமிஷம் கழிச்சுப் பேசறேன் மேஸ்திரி, ரயில் போயிட்டிருக்கு," என்று சொல்லிவிட்டார். மேஸ்திரி அவர் ஸ்டேஷனில் நிற்பதாக நினைத்துக்கொண்டார்.

நாலாம் வாரம் மெழுகுவத்தி திரும்ப வந்தது. இந்தத் தடவை அவள் அழவில்லை. ஆனால் ஏழும் எட்டும் வந்தால் மட்டும் ரயில் நின்றது. ஆறேழு, ஏழேழு, எட்டெட்டு. அதிலும் ஒன்று, ஏழும் எட்டும் சேர்ந்து வருகிற அந்த ஒன்று, கேட்டைப் பிடித்துக்கொண்டு நகரவே மாட்டேன் என்றது. ரயில்காரி கேட்பாள், இந்தப் பக்கம் நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன், மெழுகுவத்தி அணைகிற சத்தம் வரும். திங்கள்கிழமை டெஸ்ட். வியாழக்கிழமை அந்தக் கணக்கு ஆறு தடவை வந்து ஆறு தடவையும் அணைந்தது.

"விடு," என்றார் அப்பா அன்றைக்கு, மெதுவாக. "நாலாங்கிளாஸ் ரெண்டு தடவை படிச்சா என்ன இப்ப? நான் மூணாங்கிளாஸே ரெண்டு தடவை படிச்சேன்."

அம்மா பாத்திரம் கழுவப் போனார். குழாயில் தண்ணீர் வெகு நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை ஸ்கூல் இல்லை, திரைச்சீலைக் கடை உண்டு. ஆகவே மகள் அப்பாவோடு வேலைக்குப் போனாள். வேலை ஒரு பல் டாக்டர் கட்டுகிற கிளினிக்கில், இரண்டாவது மாடி, லிஃப்ட் இன்னும் வரவில்லை. பின்பக்கத்துப் பாத்ரூமில் சுவர் பாக்கி இருந்தது. முன் ஹாலில் முந்தின நாள்தான் தரை ஒட்டியிருந்தார், மழையில் காயவில்லை, ஓரமாகப் போட்ட பலகைமேல்தான் நடக்க வேண்டும். ஹாலில் பாதம் பட்டால் அவர் பேச்சே வேறாகிவிடும்.

டைல்ஸ்காரர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பல் வைத்த கரண்டியால் பசையைச் சுவரில் இழுத்தால் கோடு கோடாக விழும். டைலை வைத்து, உள்ளங்கையால் ஒரு அழுத்து, ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டு. நாலு டைல் கூடுகிற மூலையில் ஒரு குட்டிப் பிளாஸ்டிக் துண்டைச் செருகுவார், இடைவெளி எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதற்கு. பிறகு மட்டம் பார்ப்பார். பார்த்துவிட்டு மறுபடி பார்ப்பார். மகளுக்கு அந்த நிதானம் எங்கிருந்து வந்தது என்று யாரும் வெளியே தேட வேண்டியதில்லை.

பதினோரு மணிக்கு டைல் பற்றாது என்று தெரிந்தது. அவருடைய இரண்டு கையிலும் முழங்கை வரை பசை. மகள் மாடிப்படித் திருப்பத்தில் உட்கார்ந்து, அவர் போனில் அன்றைய பத்து நிமிஷத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, கடை அக்காவுக்கு ஒரு மெசேஜ் போடு," என்றார் உள்ளேயிருந்தே. "வெள்ளை இன்னும் ஏழெட்டு பாக்ஸ் அனுப்பச் சொல்லு."

"சரிப்பா," என்றாள் அவள், தலை நிமிராமல்.

அந்த மெசேஜைப் பிற்பாடு நான் என் கண்ணால் பார்த்தேன். கடை அக்கா கம்ப்யூட்டரிலிருந்து தலையை வெளியே நீட்டி, "அண்ணே, கிளினிக்குக்கு வெள்ளை அம்பத்தாறு பாக்ஸ்," என்றபோது எனக்கும் கொஞ்சம் உறுத்தியது. "அம்பத்தாறா, நல்லாப் பாத்தியாம்மா?" என்றேன். "நானும் கேட்டுட்டேண்ணே. ஆமா, அம்பத்தாறுன்னு பதில் வந்துடுச்சு," என்றார். நாலு மாடிக் கட்டடம், எல்லா மாடிக்கும் சேர்த்து வாங்குகிறார்கள் போலிருக்கிறது, நமக்கு எதற்கு என்று ஏற்றினேன். என் வண்டிக்கு வயசாகிவிட்டது, முப்பது பாக்ஸுக்கு மேல் ஏற்றினால் மேட்டில் நின்று இருமும். ஆகவே இரண்டு நடை, நடைக்கு இருபத்தெட்டு.

தூக்குவதற்கு ஒல்லியும் மீசையும் வந்திருந்தார்கள். ஒல்லி ஒல்லியாக இருப்பான், மீசைக்கு மீசை கிடையாது, எடுத்துவிட்டான். பாக்ஸை ஹாலில் வைக்க முடியாது, தரை ஈரம். மிச்சமிருந்த ஒரே இடம் பாத்ரூமுக்கு முன்னால் இருக்கிற நடைவழி. அங்கே எட்டு எட்டாக அடுக்கினார்கள். உள்ளே டைல் அறுக்கிற மிஷின் கத்திக்கொண்டிருந்தது, புழுதியும் தண்ணீருமாகத் தெறித்துக்கொண்டிருந்தது, அவர் முதுகு எங்களுக்கு. இரண்டாம் நடையும் இறக்கி, கடைசி பாக்ஸை மீசை மேலே வைத்தபோது மிஷின் நின்றது.

டைல்ஸ்காரர் திரும்பினார். பாத்ரூம் வாசலில் கதவுக்குப் பதிலாகப் பாக்ஸ் சுவர் இருந்தது. அதற்கு மேலே அவர் தலை மட்டும் தெரிந்தது, புருவம் வரை வெள்ளைப் புழுதி.

"என்னடா இது?"

"டைல்," என்றான் ஒல்லி.

"டைலுன்னு எனக்குத் தெரியாதா? யாரு இவ்ளோ கேட்டது? நான் எப்படி வெளிய வர்றது?"

"உன் போன்ல இருந்துதான்யா மெசேஜ் வந்துச்சு," என்றேன் நான். "அம்பத்தாறு. கடைப் பொண்ணு திருப்பிக் கேட்டுச்சு, அதுக்கும் ஆமான்னு பதில்."

"நான் ஏழெட்டு பாக்ஸ்தாண்ணே கேட்டேன்."

மாடிப்படித் திருப்பத்திலிருந்து ஒரு குரல் வந்தது, நிதானமாக.

"ஆமாப்பா. ஏழெட்டு அம்பத்தாறு. எண்ணிப் பாத்துட்டேன். எட்டு எட்டா ஏழு வரிசை இருக்கு. சரியா வந்திருக்கு."

ஒல்லி வாயைத் திறந்தான், மூடினான். பாக்ஸ் சுவருக்கு மேலே இருந்த தலை இன்னும் கொஞ்சம் உயர்ந்தது, எதன் மேலேயோ ஏறி நிற்கிறார். அவர் கத்தப் போகிறார் என்று நினைத்து நான் அவளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"என்ன சொன்ன?" என்றார்.

"அம்பத்தாறு."

"விரல் விட்டு எண்ணினியா?"

"எதுக்கு?" என்றாள் அவள். ஒரு கையில் போன், மறு கை மடியில் சும்மா கிடந்தது. "நீங்க ஏழெட்டுன்னு சொன்னீங்க. எனக்கு வந்துடுச்சு. போட்டுட்டேன்."

"எட்டேழு?"

"அதுவும் அம்பத்தாறுதான்பா."

"ஆறேழு?"

"நாப்பத்திரெண்டு."

"எட்டெட்டு?"

"அறுபத்திநாலு."

அவர் கேட்கக் கேட்க, கேட்டு முடிக்கும் முன்பே விடை படியேறி வந்துகொண்டிருந்தது. ஒரு மாதமாகச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் பிடித்துவைத்த மூச்செல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வந்த மாதிரி இருந்தது. மீசைக்கு ஆசை தாங்கவில்லை.

"பாப்பா, ஒம்போதேழு?"

"அறுபத்திமூணு."

"சரியா அது?" என்று என்னைப் பார்த்தான் மீசை. நான் ஒல்லியைப் பார்த்தேன். ஒல்லி கூரையைப் பார்த்தான். மூன்று ஆண்பிள்ளைகள் நின்று ஒன்பதை ஏழு தடவை கூட்டிக்கொண்டிருந்தோம். கூட்டி முடிப்பதற்குள் அவள் அடுத்த கணக்குக்காகக் காத்திருந்தாள். அவள் காத்திருந்தாள், நாங்கள் தாமதம். இது முன்னே பின்னே நடந்ததில்லை.

"சரிதான்," என்றேன், எனக்கே சரியாகத் தெரியாவிட்டாலும்.

டைல்ஸ்காரர் பாக்ஸ் சுவருக்கு மேலே கையை நீட்டினார். "போனைக் குடு. அம்மாவுக்குப் போடு." அவர் கையில் பசை, ஆகவே நான் போனை வாங்கி அழுத்தி அவர் காதில் வைத்தேன். தையல் மிஷின் சத்தத்துக்கு நடுவே அம்மாவின் குரல் எனக்கும் கேட்டது.

"என்னங்க, பிள்ளைக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

"அம்பத்தாறு பாக்ஸ் வந்துடுச்சு."

"எதுக்கு?"

"நான் ஏழெட்டு பாக்ஸ் அனுப்பச் சொன்னேன். உன் பொண்ணு அம்பத்தாறுன்னு போட்டுட்டா. விரல் விடல. யோசிக்கவே இல்ல. அப்படியே வந்துடுச்சாம்."

தையல் மிஷின் நின்றது.

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றார் அம்மா.

இவர் இன்னொரு தடவை சொன்னார். மூன்றாவது தடவையும் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார், கண்ணில் தண்ணீரோடு சொன்னார், புழுதியில் அது கோடு போட்டுக்கொண்டு இறங்கியது. பசைக் கையால் துடைத்துக்கொண்டு முகத்தையும் கெடுத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து மேஸ்திரி மேலே வந்தார். பாக்ஸ்களைப் பார்த்தார், அவற்றுக்குப் பின்னால் இருந்த தலையைப் பார்த்தார்.

"ஏன்யா, பாத்ரூம் கட்டச் சொன்னா கோட்டை கட்டி உள்ள உக்காந்திருக்க?"

"கணக்குப்படிதான் வந்திருக்கு மேஸ்திரி," என்றார் டைல்ஸ்காரர். "வாய்தான் தப்பு. கணக்கு தப்பில்ல."

மேஸ்திரிக்கு விஷயத்தைச் சொன்னோம். அவர் முதலில் கத்தத்தான் கத்தினார். யார் கீழே இறக்குவது, யார் கடைக்குப் பதில் சொல்வது என்று நடையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை கத்தினார். டைல்ஸ்காரருக்கு அதெல்லாம் காதிலேயே ஏறவில்லை. "எத்தனை திரும்பணும்?" என்று மேஸ்திரி எங்களைக் கேட்டதற்குப் படியிலிருந்து, "எட்டு வெச்சுக்கிட்டா நாப்பத்தெட்டு," என்று வந்தது. மேஸ்திரி திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு கத்துவதை நிறுத்திவிட்டார்.

நாற்பத்தெட்டு பாக்ஸையும் கீழே இறக்கினோம். டைல்ஸ்காரரும் இறக்கினார். அவர் வேலை அதில்லை, இருந்தாலும் இறக்கினார், இரண்டிரண்டாக, ஒவ்வொரு திருப்பத்திலும் மகளைத் தாண்டும்போது ஒரு கணக்குக் கேட்டுக்கொண்டு. மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்தது. ஒல்லி படியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கீழ டீக்கடைல ரெண்டு மூணு டீ சொல்லு பாப்பா," என்றான்.

"ஆறு போதுமா?" என்றாள் அவள்.

"ஐயோ," என்று நாலு பேரும் ஒரே குரலில் சொன்னோம். அதன் பிறகு அந்தக் கட்டடத்தில் யாரும் அஞ்சாறு ஆணி என்று கேட்பதில்லை, நாலஞ்சு பலகை என்று கேட்பதில்லை. ஒரு முடிவுக்கு வந்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். ஆனாலும் அன்றைக்கு ஆறு டீ வந்தது, மேஸ்திரி இரண்டு குடித்தார்.

இதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். அம்மா அப்படி நினைக்கவில்லை. "படியில உக்காந்து சொல்றது வேற. அங்க மூணு நிமிஷம் ஓடிட்டிருக்கும், சுத்தி முப்பது பிள்ளைங்க எழுதிட்டிருக்கும்," என்றார். ஞாயிற்றுக்கிழமையும் பத்தே நிமிஷம்தான். மகள் இன்னும் கொஞ்சம் என்று கெஞ்சினாள், அப்பாவும் அவளுக்குச் சேர்ந்து கெஞ்சினார். மிஸ் சொன்னது பத்து நிமிஷம் என்று அம்மா போனைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டார்.

திங்கள்கிழமை காலை அவர்கள் மூன்று பேரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். டைல்ஸ்காரர் வேலைக்குப் போகவில்லை. மிஸ் எங்களை வராந்தாவில் ஜன்னலோரமாக நிற்க விட்டார், சத்தம் போட்டால் அனுப்பிவிடுவேன் என்ற பேச்சோடு. அம்மா ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். "நீங்க பாத்துச் சொல்லுங்க, என்னால ஆகாது."

மிஸ் மணியடித்தார். முப்பது தலை ஒரே நேரத்தில் குனிந்தது. பென்சில் சத்தம் மட்டும் கேட்டது. நம்மவள் மூன்றாவது பெஞ்சில் ஓரத்தில் இருந்தாள். இடது கை தாளை அமுக்கிக்கொண்டிருந்தது. வலது கை கீழே கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"எழுதறா," என்றார் டைல்ஸ்காரர் கிசுகிசுப்பாக. "எழுதறா. எழுதறா. தாளைத் திருப்பிட்டா. எழுதறா."

அம்மாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. என் கையில் கடிகாரம். இரண்டு நிமிஷம் ஆனது. இரண்டு நிமிஷம் பத்து விநாடி ஆனது.

"நின்னுட்டா," என்றார் டைல்ஸ்காரர்.

"என்ன?"

"பென்சிலைக் கீழ வெச்சுட்டா. எழுதலம்மா. நின்னுட்டா."

நானும் பார்த்தேன். பென்சில் மேசைமேல் கிடந்தது. மற்றப் பிள்ளைகள் எல்லாம் குனிந்திருக்க, அவள் ஒருத்தி மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். டைல்ஸ்காரர் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "எடும்மா," என்றார் வாய்க்குள்ளேயே. "பென்சிலை எடும்மா. இன்னும் நேரம் இருக்கு." அம்மா திரும்பிவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு திரும்பினார், திரும்பிய பிறகும் திறக்கவில்லை. மீதி ஐம்பது விநாடியை என் கடிகாரம் ஓட்டிய மாதிரி எந்தக் கடிகாரமும் ஓட்டியிருக்காது. மணி அடித்தது.

மிஸ் தாள்களை வாங்கிக்கொண்டு போய் மேசையில் வைத்துத் திருத்தினார். நாங்கள் வராந்தாவில் நின்றோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கால் மணி நேரம் கழித்து மிஸ் வெளியே வந்தார், கையில் ஒரே ஒரு தாள்.

"அறுபதுல அம்பத்தொம்போது," என்றார் அம்மாவிடம். "அந்த ஒண்ணும் எழுத்து புரியாம நான்தான் அடிச்சிருக்கேன்னு நெனைக்கிறேன். பொண்ணு மாடிக்குப் போறாம்மா."

அம்மா மிஸ்ஸின் இரண்டு கையையும் தாளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. மிஸ்ஸும் விடச் சொல்லவில்லை. டைல்ஸ்காரர் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் கூட்டமாக வெளியே வந்தபோது நம்மவள் கடைசியாக வந்தாள், பையை இரண்டு தோளிலும் சரியாக மாட்டிக்கொண்டு.

"ஏம்மா பாதியில பென்சிலை வெச்சுட்ட?" என்று கேட்டார் அவர், உட்கார்ந்தபடியே. "எங்களுக்கு உசிரே போயிடுச்சு."

"பாதியில வெக்கலப்பா. முடிஞ்சிடுச்சு."

"முடிஞ்சிடுச்சா? அப்புறம் ஏன் நேரம் இருந்துச்சு?"

"மிச்சம் ஆயிடுச்சு." அவள் அதை அப்போதுதான் யோசித்தவள்போல் சொன்னாள்.

"மிச்ச நேரத்துல என்ன பண்ணுன?"

"ஒண்ணும் பண்ணலப்பா," என்றாள் மகள். "எல்லாரும் எழுதிட்டிருந்தாங்க. நான் சும்மா உக்காந்திருந்தேன். நல்லா இருந்துச்சு."